வெயில் காணாத துணி

மாரி தொடங்குவதற்கு முன்னர் வடிகால்களைத் துப்புரவாக்குவது எமது கரையோரக் கிராமங்களில் ஆண்டுதோறும் நடக்கும் வேலை. சில ஆண்டுகளுக்கு முன்னர் நற்பிட்டிமுனையில் நடந்த அத்தகைய சிரமதானம் ஒன்றில் நானும் கலந்துகொண்டேன். தமிழரும் முஸ்லிம்களுமாக முப்பது பேரளவில் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். கிட்டங்கிப் பக்கம் வெள்ளம் வீதியை மேவும் காலத்தில், வடிகால் அடைத்திருந்தால் நீர் எங்கே நிற்கும் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அது வீட்டு வளவுக்குள்தான் நிற்கும்.

மதகுக்குள் இறுகிக் கிடந்த குப்பையை இழுத்து வெளியே போட்டபோது, பொலித்தீன் பைகளுக்கும் யோகட் கோப்பைகளுக்கும் இடையில் நீரில் ஊதிப் பருத்த சுகாதாரத் துவாய்கள் கிடந்தன. கடையில் நாம் 'பாட்' என்று கேட்டு வாங்குவதைத்தான் சொல்கிறேன். இளைஞர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகினார்கள். ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "இந்தப் பொம்புளயளுக்கு வெக்கமில்லயா?"

எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்திருந்த வயதான தாய் ஒருவர் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "வெக்கம் இருக்கிறபடியாத்தான் மனே, ராவில கொண்டுவந்து போடுதுகள். வேற எங்க போடச் சொல்றீங்க?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. என்னிடமும் பதில் இருக்கவில்லை. அந்தத் தாயின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் தேடியதே இக்கட்டுரை.

ஒரு பழைய ஞாபகம்

குருவானவர் ஒருவர் இதைப்பற்றி எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். கிணற்றைப்பற்றியும் மலசலகூடத்தைப்பற்றியும் பசளைக் குழியைப்பற்றியும் எழுதலாம் என்றால், இந்த மூன்றையும் பாதிக்கின்ற இதைப்பற்றியும் எழுதத்தான் வேண்டும். வெட்கப்பட்டு இதுவரை எழுதாமல் விட்டதே தவறு என்று நினைக்கிறேன்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எமது கரையை அழித்தபோது நான் குருமாணவன். இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனைப் பகுதிப் பாடசாலை ஒன்றில் இயங்கிய முகாமில் உதவி செய்ய என்னையும் அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் வாரம் மலசலகூடங்கள் அடைத்துக்கொண்டன. குழியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. நிவாரணப் பொதிகளில் சுகாதாரத் துவாய்கள் இருந்தன. ஆனால் பாவித்தபின் போடுவதற்கு ஒரு மூடிய வாளிகூட அந்த முகாமில் வைக்கப்பட்டிருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் படுத்தெழும்பும் இடத்தில், பெண்களுக்குக் கதவு பூட்டக்கூடிய ஒரே இடம் மலசலகூடம்தான். அவர்கள் அதற்குள் போட்டதில் என்ன வியப்பு?

துவாயைக் கொடுத்தது பிழையல்ல. தண்ணீருக்கே வரிசையில் நின்ற நாட்களில் அது பேருதவி. 'இதை எங்கே போடுவார்கள்' என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அதுதான் பிழை. முகாமை நடத்திய நாங்கள் எல்லோரும் ஆண்கள்.

ஒரு துவாய்க்குள் என்ன இருக்கிறது?

விவசாயிகளாகிய எமக்கு மண்ணில் எது உக்கும், எது உக்காது என்பது யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இந்தத் துவாய் பார்வைக்குப் பஞ்சுபோல் இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். உடலில் படும் மேற்படை பெரும்பாலும் பொலிப்புறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் இழை. கறை வெளியே வராமல் தடுக்கும் அடிப்படை பொலித்தீன். நடுவில் மரக்கூழும், தன் எடையைப்போல் பலமடங்கு நீரை உறிஞ்சிக் களியாக மாறும் ஓர் இரசாயனத் தூளும் இருக்கின்றன. வடிகாலில் அவை ஊதிப் பருத்துக் கிடந்ததற்கு இந்தத் தூளே காரணம். மரக்கூழ் உக்கலாம். மற்றவை உங்கள் பேரப்பிள்ளைகள் மண் கொத்தும்போதும் கிடைக்கும்.

எரித்தால் என்ன என்று கேட்பார்கள். அடுப்பிலும் குப்பைக் குவியலிலும் எரியும் நெருப்புக்கு வேண்டிய சூடு இல்லை. ஈரமான துவாய் பாதி எரிந்து, பிளாஸ்ரிக் புகையை வீட்டுக்குள்ளேயே அனுப்பும். அந்தப் புகையில் டயொக்சின் போன்ற நஞ்சுகள் உண்டு. புதைத்தால் என்ன? எமது கரையோரம் மணற்பாங்கானது, நிலத்தடி நீரோ கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. அந்தக் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையில் மணலைத் தவிர வேறு தடுப்பு இல்லை. நாய்கள் கிளறி இழுத்து வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நாளுக்கு 4 துவாய், 5 நாட்கள் என்றால் மாதத்திற்கு 20. ஆண்டுக்கு 240. வீட்டுக்கு இரு பெண்கள் வீதம் நூறு வீடுகளைக் கொண்ட ஒரு குடியேற்றத்தில் ஆண்டுக்கு 48,000 துவாய்கள். இவை அனைத்தும் எங்கோ ஓரிடத்தில் கிடந்தேயாகவேண்டும்.

அந்த 'எங்கோ' எது என்பதற்கு எமது மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் அமைக்கப்பட்ட பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு ஒன்பது கிராமங்களின் குப்பை வந்து சேர்ந்தது. அது மீள்சுழற்சி செய்யப்படவில்லை. சுற்றியிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதாகித் திருத்தப்படாமல் விடப்பட்டது. யானைகள் உணவு தேடி உள்ளே வரத் தொடங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்ரிக் குப்பையைத் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் உலகமெங்கும் செய்தி வெளிவந்தது. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் சமிபாடடையாத பிற பொருட்களும் இருந்தன. 2017 ஏப்ரல் 14இல், புதுவருட நாளன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. யாரோ ஒருவருடைய வாசலில்தான் எமது குப்பை போய்ச் சேர்கிறது.

பணத்தின் பக்கம்

நிலத்தைவிட்டு இடம்பெயர்ந்த குடும்பத்தில் முதலில் குறைக்கப்படுவது பெண்ணின் தேவை. இலங்கையில் 2018 செப்டெம்பர் வரை இறக்குமதித் துவாய்களின்மீது எல்லாமாகச் சேர்த்து 101.2 வீத வரி இருந்தது. பலரின் எதிர்ப்பின்பின் அது 62.6 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலைகள் மறுபடியும் ஏறின. 2024இல் கஷ்டப் பிரதேசங்களைச் சேர்ந்த எட்டு இலட்சம் பாடசாலை மாணவியருக்கு 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர்களை வழங்கும் திட்டத்தைக் கல்வி அமைச்சு தொடங்கியது. பிள்ளைகள் மாதந்தோறும் வகுப்பைத் தவறவிடுகிறார்கள் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது நல்ல விடயம். ஆனால் வவுச்சர் பாடசாலைப் பிள்ளைக்கு மட்டுந்தான். களை பிடுங்கப் போகும் அவளுடைய தாய்க்கு இல்லை.

உங்கள் ஊர்க் கடையில் ஒரு பக்கெற்றின் விலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அதை வீட்டிலுள்ள பெண்களின் எண்ணிக்கையாலும், பிறகு பன்னிரண்டாலும் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை ஒரு மூடை உரத்துக்குப் போதுமா, இரண்டு மூடைக்குப் போதுமா என்றும் பாருங்கள்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் மலிவான துவாய் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, கிராமத்துப் பெண்கள் கைக்கு அந்தத் தொழிலைக் கொண்டுசேர்த்தார். 2016இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் செய்தது பெருந்தொண்டு. எனினும் பாவித்தபின் எறியவேண்டிய பொருள் மலிவாகக் கிடைத்தாலும், 'எங்கே போடுவது' என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

துணி கெட்டதா?

எமது பாட்டிமார் துணியைத்தான் பாவித்தார்கள். பழைய சீலையைக் கிழித்து மடித்து வைத்தார்கள். அந்தக் காலமே நல்லது என்று நான் சொல்லவரவில்லை. துடக்குச் சீலையை வெளுக்கும் வேலையை ஒரு சமூகத்தின் தலையில் சாதியின் பெயரால் சுமத்திவிட்டு, அதே சமூகத்தைத் தள்ளிவைத்த காலம் அது. இன்று அந்தச் சுமையை நகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் கையில் வைக்கிறோம். தன் அழுக்கை மற்றவர் சுமக்கட்டும் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

துணி நோயைக் கொண்டுவரும் என்று பல தாய்மார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் உண்மை உண்டு. இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் இரு வைத்தியசாலைகளுக்கு வந்த 486 பெண்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, திரும்பத் திரும்பப் பாவிக்கும் துணியைக் கொண்ட பெண்களிடையே சிறுநீர், பிறப்புறுப்புத் தொற்றின் அறிகுறிகள் அதிகம் என்று கண்டது. இதை மறைத்துவிட்டுத் துணியைப் பாவியுங்கள் என்று உங்களிடம் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் ஒடிசாவில் ஆய்வு அத்தோடு நின்றுவிடவில்லை. 2018இல் வெளிவந்த அடுத்த ஆய்வு, துணியை எங்கே காயவைத்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்றும் கேட்டது. வீட்டுக்குள் காயவைத்தவர்களுக்கும் மலசலகூடத்துக்குள் ஒளித்து வைத்தவர்களுக்கும் பூஞ்சணத் தொற்று கூடுதலாக இருந்தது. ஆகவே, பருத்தித் துணியைக் குற்றஞ்சொல்ல முடியாது. வெயில் காணாமல் இருட்டில் ஈரமாகக் கிடக்கும் துணியிலேதான் ஆபத்து.

அது ஏன் வெயில் காண்பதில்லை என்று நற்பிட்டிமுனைக் குழுவில் ஒரு தாயிடம் கேட்டபோது, "கொடியில போட ஏலாது பாதர், ஆம்புளயள் போற வாற இடம்" என்றார். கட்டிலின் கீழும், வேறு உடுப்புக்கு அடியிலும், கூரைத் தகரத்தின் இடுக்கிலும் காயவைப்பதாக மற்றவர்கள் சொன்னார்கள். இடம்பெயர்ந்து உறவினர் வளவில் ஒரு கொட்டிலில் இருப்பவர்களுக்கு அந்த இடுக்கும் இல்லை.

ஆகவே துவாயா துணியா என்பது ஒரு பெண் கடையில் நின்று தனியாக எடுக்கும் முடிவு அல்ல. அவளுக்குத் தண்ணீரும், மறைவும், வெயிலும் கிடைக்கிற வீட்டில் துணியே சிறந்தது. அவை மூன்றும் கிடைக்காத வீட்டில் துணி அவளை நோயாளியாக்கும். அவற்றைக் கொடுப்பது முழுக் குடும்பத்தின் கடமை.

பிற இடங்களில் செய்தவை

தமிழ்நாட்டின் ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய ஈகோஃபெம் என்ற அமைப்பு, சுற்றுக் கிராமப் பெண்களைக் கொண்டு துவைத்துப் பாவிக்கும் துணித் துவாய்களைத் தைக்கிறது. வசதியுள்ளவர்களுக்கு விற்பதில் வரும் பணத்தின் உதவியோடு ஏழை மாணவியருக்கு இலவசமாகக் கொடுக்கிறது. கொடுக்குமுன் உடலைப்பற்றியும் துவைப்பதைப்பற்றியும் பாடம் நடத்துகிறது.

டில்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு, நகரத்தார் கொடுக்கும் பழைய பருத்தி உடைகளைத் துவைத்து, வெட்டி, துவாய்களாக்கிக் கிராமங்களுக்கும் பேரிடர் நேர்ந்த இடங்களுக்கும் அனுப்புகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் எமது முகாம்களில் யாரும் உடுத்தாமல் குவிந்து கிடந்த நன்கொடை உடைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை பருத்தித் துணி இருந்திருக்கும்!

எமது நாட்டிலும் குருணாகலைத் தளமாகக் கொண்டு 1991 முதல் இயங்கும் செலின் என்ற கைத்தறி நிறுவனம் துவைத்துப் பாவிக்கும் துவாய்களைச் செய்கிறது. இதைப் படிக்கும்போது எமக்கு மருதமுனை ஞாபகத்துக்கு வரவேண்டும். நற்பிட்டிமுனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்யும் ஊர் அது. நெசவில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளும் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்களும் அருகருகே இருக்கிறார்கள். இரண்டையும் இணைப்பதற்கு ஒரு பெண்கள் குழு போதும்.

கேரளத்தில் வேறொரு வழியில் சென்றார்கள். 2018இன் பெருவெள்ளத்தில் முகாம்களில் சேர்ந்த துவாய்களை என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடியபின், 2019இல் ஆலப்புழை நகரசபை ஹெச்.எல்.எல். நிறுவனத்தோடு சேர்ந்து 5,000 பெண்களுக்கு மாதவிடாய்க் கிண்ணங்களை இலவசமாகக் கொடுத்தது. கொச்சிக்கு அருகே நீர்சூழ்ந்த கும்பளங்கி என்ற கிராமமும் அதே வழியில் சென்றது. 2022 ஜனவரி 13இல் அது இந்தியாவின் முதலாவது சுகாதாரத் துவாயற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கிண்ணம் மென்மையான சிலிக்கனால் ஆனது. உடலுக்குள் வைத்து, நிறைந்ததும் எடுத்துக் கழுவி மீண்டும் வைப்பது. ஒரு கிண்ணம் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். 2019இல் லான்செற் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த, 43 ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை, கசிவு துவாயைவிடக் கூடுதலாக இல்லை என்றும், பழகிய பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேர் தொடர விரும்பினர் என்றும் கூறுகிறது. பழகச் சில மாதங்கள் பிடிக்கும். கருப்பையில் லூப் வைத்திருப்பவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே பாவிக்கவேண்டும். திருமணமாகாத பிள்ளைகள்பற்றித் தாய்மாருக்குத் தயக்கம் இருப்பதும் எனக்குத் தெரியும். விரும்பியவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். யாரையும் வற்புறுத்தக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது

குழுவில் தையல் தெரிந்த சகோதரிகளும் எமது அருட்சகோதரி ஒருவரும் பேசித் தீர்மானித்த முறையை அப்படியே தருகிறேன்.

1. பழைய பருத்திச் சாரம், சீலை, பனியன் துணி நல்லவை. நைலோன் கலந்த துணி உறிஞ்சாது. ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். வழிந்தோடினால் அந்தத் துணி வேண்டாம்.

2. தடித்த ஒரே துண்டாகத் தைக்கவேண்டாம். உள்ளே வைக்கும் துணியைத் தனியாகவும், அதைப் பிடிக்கும் உறையைத் தனியாகவும் தையுங்கள். உள்துணியை விரித்துவிட்டால் எல்லா மடிப்பிலும் வெயில் படும். உறையின் இருபுறமும் சிறகுபோல் விட்டு, ஒரு அழுத்துப் பொத்தான் வைத்தால் வயலில் வேலை செய்யும்போதும் நழுவாது.

3. ஒரு பெண்ணுக்கு ஆறு முதல் எட்டு வரை வேண்டும். மாரிக்கு இன்னும் நான்கு கூடுதலாக இருக்கட்டும். இவை ஒழுங்காகத் துவைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கும்.

4. நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

5. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். சுடுநீர் பட்டால் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரத்தின்பின் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அலசிய நீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் வாழையடியில் ஊற்றுங்கள்.

6. நேரடி வெயிலில் நன்றாகக் காயவேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைக்கவேண்டாம். மழை நாட்களில் காயாவிட்டால், சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்து ஈரத்தைப் போக்குங்கள். பின்னர் சுத்தமான ஒரு துணிப்பையில், வேறு உடுப்போடு அலுமாரியில் வையுங்கள்.

7. ஒருவருடைய துணியை மற்றவர் பாவிக்கக்கூடாது, அக்காள் தங்கையாக இருந்தாலும்.

அரிப்பு, நாற்றமுள்ள வெள்ளைபடுதல், அளவுக்கு மிஞ்சிய இரத்தப்போக்கு இருந்தால் துணியையோ துவாயையோ மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லுங்கள்.

வெள்ளத்தில் வீடு மூழ்கி, கழுவத் தண்ணீரும் இல்லாத நாட்களில் எறியும் துவாயைப் பாவிப்பதே பாதுகாப்பானது. தூரப் பயணத்துக்கும் அப்படியே. அப்போதும் தாளில் சுற்றி மூடிய வாளியில் போடுங்கள். மலசலகூடக் குழியிலோ வாய்க்காலிலோ வேண்டாம்.

முகாமில் கேட்கவேண்டியது

மீண்டும் எப்போதாவது முகாமில் இருக்க நேர்ந்தால் நினைவில் வைத்திருங்கள். உலகெங்கும் நிவாரண நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் கைநூலின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விருப்பப்படி ஆண்டுக்கு 4 சதுர மீற்றர் பருத்தித் துணி, அல்லது மாதத்துக்கு 15 எறியும் துவாய்கள், அல்லது ஆண்டுக்கு 6 துவைக்கும் துவாய்கள் வழங்கப்படவேண்டும் என்று கூறுகிறது. கழுவவும் காயவைக்கவும் எறியவும் மறைவான இடம் இருக்கவேண்டும், பெண்களைக் கேட்டே இவற்றைத் தீர்மானிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. முகாம் பொறுப்பாளரிடம் இதைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல, உங்களுக்கு உரியதைக் கேட்பதாகும்.

தந்தையருக்கும் சகோதரருக்கும்

எமது ஊர்களில் பிள்ளை பெரியபிள்ளையானால் பந்தல் போட்டு, சனம் அழைத்து, கடன்பட்டும் கொண்டாடுகிறோம். அடுத்த மாதம் அவள் துணியைக் காயவைக்க இடமின்றித் திண்டாடுகிறாள். பந்தலுக்குச் செலவழித்த கிடுகில் ஒரு சிறு பங்கு போதும், வளவின் ஒரு மூலையில் நாற்புறமும் மறைப்புக் கட்ட. மேற்பக்கத்தை மூடவேண்டாம், வெயில் அங்கிருந்துதான் வரவேண்டும். உள்ளே ஒரு கொடிக்கயிறும், ஒரு வாளியும், மூடியுள்ள ஒரு தொட்டியும் வையுங்கள். தண்ணீர் அள்ளி வைப்பது ஆண்பிள்ளைகளின் வேலையாகவும் இருக்கலாம்.

மாதவிடாய் பாவமும் அல்ல, நோயும் அல்ல. இஸ்லாமிய சகோதரிகளுக்கு அந்நாட்களில் தொழுகையிலும் நோன்பிலும் மார்க்கம் விலக்களித்திருக்கிறது. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் மறைவாக வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லோர் முன்னிலையிலும் மகளே என்று அழைத்தார். எமது மகள்மாரை நாம் கட்டிலின் கீழே ஒளிக்கச் சொல்லலாமா?

அடுத்த ஆண்டு அதே மதகை மறுபடியும் துப்புரவாக்கினோம். துவாய்கள் அப்போதும் கிடந்தன. முன்னையிலும் குறைவா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் இம்முறை ஒருவரும் வெட்கமில்லையா என்று கேட்கவில்லை. சென்ற ஆண்டு அப்படிக் கேட்ட இளைஞர், வேலை முடிந்ததும் என்னிடம் வந்து, "பாதர், அந்தக் கிடுகு மறைப்பு எத்தின அடி உயரம் வேணும்?" என்று கேட்டார்.

ஆறடி போதும் என்றேன்.

குழுவாகச் சிந்திப்போம்

1. எமது வீட்டில் பெண்களின் துணி எங்கே காய்கிறது? அங்கே வெயில் படுகிறதா? வீட்டு ஆண்களுக்கு இது தெரியுமா?

2. எமது கிராமத்தில் பாவித்த துவாய்கள் எங்கே போகின்றன? அந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள கிணறு யாருடையது?

3. எமது குழுவில் தைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பருத்தித் துண்டுத் துணியை எங்கிருந்து பெறலாம்?